படையலில் அணைந்த சுருட்டு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை அமாவாசையன்று முனீஸ்வரன் படையலில் நம் கடைச் சுருட்டு 3 முறை அணைந்துபோனதை இதற்குள் உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். குடியாத்தத்தில் ஆரம்பித்த வீடியோ பேரணாம்பட்டு, ஆம்பூர் வரைக்கும் போய்விட்டது. அந்தக் குடும்பம் 2 தலைமுறையாக நம்மிடம்தான் வாங்குகிறது. அருள் வந்தவர் வாயில் வைத்த சுருட்டு அணைந்தால் வீட்டுப் பெண்களுக்கு மனசு எப்படிப் பதறும் என்று எனக்குத் தெரியும். மறுநாளே நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். படையல் போட்டவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. கோளாறு சுருட்டில்தான்.

கட்டில் மிச்சமிருந்த சுருட்டுகளை அவர்களிடமிருந்து வாங்கி வந்து, ஒன்றை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். பற்றவைக்கும் முனையிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, புகையிலை முடிச்சு போல இறுகிக் கிடந்தது. முடிச்சுக்கு நடுவில், உரித்து எடுத்திருக்க வேண்டிய இலையின் நடுநரம்பு தீக்குச்சிப் பருமனில் அப்படியே இருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது. காற்றுப் போக வழியில்லை என்றால் நெருப்பு எப்படி நிற்கும்?

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நம் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுருட்டு சுற்றும் தாத்தாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆவணியோடு கண் பார்வை போதவில்லை என்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சுற்றிய ஒவ்வொரு சுருட்டையும் முனையிலிருந்து முனை வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். எங்காவது கல் மாதிரி தட்டினால் பிரித்துப் போட்டுவிடுவார், பொக்கென்று இருந்தாலும் அப்படித்தான். அவர் விரல்தான் நம் கடையின் தராசு. அதை வேறு யாருக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லி நான் கேட்டு வைக்கவில்லை. அது என் தவறு.

அவர் இடத்துக்கு 4 பெண்களைச் சேர்த்தேன். நால்வரும் பல வருஷம் பீடி சுற்றியவர்கள், நம் ஊரில் அந்தக் கைக்குப் பஞ்சமில்லை. சட்டத்துக்கு பீடியும் சுருட்டும் ஒன்றுதான், 1966-இல் இரண்டுக்கும் சேர்த்தே தொழிலாளர் சட்டம் போட்டார்கள். கைக்கு அப்படி இல்லை. பீடிக்குள் போவது தூளாக்கிய புகையிலை, இலைக்குள் வைத்து இறுக்கிச் சுற்றினால்தான் கொட்டாது. சுருட்டுக்குள் போவது முழு இலை. அதை விசிறி மடிப்பது போல மடித்து, மடிப்புக்கு நடுவே காற்று ஓட இடம் விட்டு, ஒரு இலையால் கட்டி, அதன் மேல் நல்ல இலையைச் சுற்ற வேண்டும். வருஷக்கணக்கில் இறுக்கிப் பழகிய விரல் ஒரு மாதத்தில் தளராது. அந்தப் பெண்கள் மேல் பழி போடாதீர்கள், அவசரப்பட்டு வேலையில் உட்கார வைத்தவன் நான். அதற்கு மேல் ஐப்பசி மழை. கூடத்தில் காயப்போட்ட இலை காயவே இல்லை. ஈர இலை உப்பும், உப்பினால் இருக்கிற சந்தும் அடைபடும்.

கியூபாவிலேயே 1990-களில் சுருட்டுக்குக் கிராக்கி ஏறி, புதுக் கைகளை அவசரமாக இறக்கியபோது இழுவை அடைத்த, அதாவது இழுத்தால் புகை வராத சுருட்டு நிறைய வந்தது. இழுவையை அளக்க இயந்திரம் வைத்தது அதற்குப் பிறகுதான். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, கைவேலையில் எங்கே வழுக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. "பீடிக் கழிவுத் தூளைப் போட்டு நிரப்பறான்" என்று அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ எழுத, அதையும் நாலு பேர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். என் அப்பா இந்தக் கடையை ஆரம்பித்த நாளிலிருந்து உள்ளே போவது திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து இலைதான். கட்டின் அடியில் தூள் இருந்ததே என்கிறார்கள். இருக்கும். நம் சுருட்டின் 2 முனையும் கத்தியால் வெட்டியது, வெட்டின இடத்திலிருந்து துகள் உதிரும். உள்ளே தூள் போட்டிருந்தால் முதல் இழுப்பிலேயே நாக்கில் வந்து ஒட்டும். சந்தேகம் இருப்பவர் எந்தக் கிழமை வேண்டுமானாலும் வாருங்கள், எந்தக் கட்டு வேண்டுமானாலும் எடுத்து என் கண் முன்னே பிரியுங்கள். நீள இலையைத் தவிர வேறு ஏதாவது உள்ளே இருந்தால் அன்றைக்கே கடையைச் சாத்திவிடுகிறேன். தப்பாகச் சுற்றினோம் என்று சொல்லுங்கள், தலை குனிகிறேன். ஏமாற்றினோம் என்று சொல்லாதீர்கள்.

இப்போது செய்திருப்பது இது. தாத்தா வாரம் 2 நாள் வருகிறார், கண்ணுக்கு வேலையில்லை, விரலுக்குத்தான். அந்தப் பெண்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அழுத்திப் பார்க்கப் பழக்குகிறார். ஒவ்வொரு கட்டையும் எடை போடுகிறோம், கூடினால் இறுக்கம், குறைந்தால் தளர்ச்சி. ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன், அறையில் 70 சதவீதத்துக்கு மேல் போனால் அன்று சுற்றுவதில்லை. கழித்த சுருட்டுக்கும் கூலி உண்டு, கூலியைப் பிடித்தால் கெட்டதையும் மறைத்துக் கட்டுவார்கள். இதற்கெல்லாம் செலவு இருப்பதால் தை முதல் ஒரு கட்டில் 25 சுருட்டுக்குப் பதில் 20 இருக்கும், விலை பழையதே.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிய கட்டு கையில் இருந்தால், பிரித்திருந்தாலும் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். ஈரமாக இருக்கிறதே என்று வெயிலில் வைக்காதீர்கள், மேலிலை வெடித்துவிடும். படையலுக்கு வேண்டுமென்றால் 2 நாள் முன்னதாகச் சொல்லுங்கள், தாத்தா விரல் பட்ட கட்டாகத் தனியே எடுத்து வைக்கிறேன். பெரியவர்களே வாருங்கள். 18 வயது ஆகாத பிள்ளையை அனுப்பினால் கொடுக்க மாட்டோம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் போன வாரம் வழக்கம் போல வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் கட்டு வாங்கிப் போன பழைய முகங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அந்தப் படையல் வீட்டுப் பெரியவரும் வந்தார். "தை அமாவாசைக்கு 2 கட்டு எடுத்து வைப்பா" என்றார். எடுத்து வைத்திருக்கிறேன் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் சுருட்டுக் கடைக்காரன்,
குடியாத்தம்.