நாலு நிமிஷம் பின்னால் ஓடிய கணினி

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். இங்கே சிங்கப்பூரில், நம்ம ஈசூனில் ரெண்டு நாளாக நல்ல மழை.

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு ராத்திரி நீ லண்டனிலிருந்து கூப்பிட்டபோது சுவர்க் கடிகாரத்தில் சரியாக எட்டு. கணினியில் 7.56. நீ போன எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நாலு நிமிஷம் அது. கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று புது சிஆர்2032 வாங்கிப் போட்டு, நேரத்தைக் கையால் சரிசெய்தேன். ஒரே வாரத்தில் மறுபடி ஒன்பது விநாடி பின்தங்கியது.

அப்புறம்தான் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். 'லோக்கல் சிமாஸ் கிளாக்' என்று காட்டியது. வெளியே யாரையும் கேட்காமல் தன் கடிகாரத்தையே நம்பி ஓடியிருக்கிறது. இணையப் பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன, நேரம் மட்டும் வரவில்லை என்றால், எதை உள்ளே வெளியே விடலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலைத்தான் பார்க்க வேண்டும். அதை அணைத்துப் பாருங்கள் அங்கிள் என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. எனக்கு மனசு வரவில்லை.

அதில் நீ போட்டுக் கொடுத்த ரூல்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். நேரம் கேட்கப் போகும் கதவு எண், போர்ட் 123ஐ நீ திறந்துதான் வைத்திருந்தாய், கண்ணு. ஆனால் டிசிபியில், அதாவது முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் முறையில். இணையத்தில் நேரம் கேட்கும் என்டிபி பேசுவது, இணைப்பு இல்லாமலே நேராக அனுப்பும் யுடிபியில். 48 பைட்டில் ஒரு கேள்வி போகும், ஒரு பதில் வரும், அவ்வளவுதான். யுடிபி 123 வெளியே போக மட்டும் அனுமதி கொடுத்தேன். தான் அனுப்பிய கேள்விக்கு வரும் பதிலை ஃபயர்வாலே அடையாளம் கண்டு உள்ளே விட்டுவிடும். வெளியாருக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. நேரத்தை மறுபடி கேட்டுச் சரிசெய்யச் சொல்லும் ரீசிங்க் கட்டளையைக் கொடுத்ததும் விநாடி சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடியது.

அது தாத்தாவுடைய கடிகாரம். 1981 டிசம்பர் 31 ராத்திரி சிங்கப்பூர் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பதினொன்றரைக்கே பன்னிரண்டு. தாத்தா ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பினார். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

உன் மடிக்கணினியிலும் இதே ரூல்தானே போட்டிருப்பாய்? லாகினுக்கு ஆறு இலக்க எண்ணை அதில்தானே எடுக்கிறாய். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண் அது, நேரம் விலகினால் செல்லாது. இன்றைக்கே டிசிபியை யுடிபியாக மாற்றிவிடு. ஞாயிறு கூப்பிடும்போது, மாற்றிவிட்டேன் என்று முதலில் அதைச் சொல்.

அன்புடன்,
அப்பா