ராணிப்பேட்டை போர் தண்ணீர்: எந்தக் குரோமியத்தை அளக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டை எப்போது அள்ளுவார்கள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

குரோமைட் என்ற குரோமியத் தாதுவைச் சலவைச் சோடா, சுண்ணாம்போடு சூளையில் வறுத்து, நீர் ஊற்றிக் குரோமேட்டைக் கரைத்தெடுத்த பின் மிஞ்சிய சக்கைதான் அந்த மேடு. சக்கைக்குள் தங்கிவிட்ட ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (நீரில் எளிதில் கரையும், நச்சு மிகுந்த வடிவம்) ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே இறங்கும். தண்ணீர் மஞ்சளாக இருந்தால்தான் கெட்டது என்று நினைக்க வேண்டாம். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. மொத்தக் குரோமியம் (எல்லா வடிவமும் சேர்த்து), அதைப்போலப் பல மடங்கு சேர்ந்த பிறகே நிறம் கண்ணில் படும்.

மேல்தொட்டித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, நேராகக் குழாயிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்க வேண்டும். அதை ஆய்வகத்தாரே செய்யட்டும். ஹெக்ஸாவேலன்ட்டுக்கான பாட்டிலில் ஒரு சொட்டு அமிலமும் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். இங்கேதான் தவறு நடக்கும். அமிலம் பட்டால், நீரிலுள்ள இரும்போ மக்கிய பொருளோ ஹெக்ஸாவேலன்ட்டை வழியிலேயே ட்ரைவேலன்ட்டாக (நச்சு குறைந்த வடிவமாக) மாற்றிவிடும். அறிக்கையில் 'இல்லை' என்று வரும். ஆய்வகத்திலும் அமிலம் சேர்த்துத்தானே டைஃபினைல் கார்பசைடு என்ற நிறம் காட்டும் வேதிப்பொருளை விட்டு ஊதாச் சிவப்பு நிறம் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். அது நிறம் அளக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்.

'கண்டறிய முடியவில்லை' என்று எழுதித் தந்தால், அந்தக் கருவி காட்டக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன என்று கேளுங்கள். அது 0.05-க்கு மேல் என்றால் அந்த அறிக்கையால் பயனில்லை. கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறை எடுப்பது நல்லது. மழை ஒரு போரில் நஞ்சை நீர்த்துப்போக வைக்கும், இன்னொன்றில் மேட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். படிகாரமும் உதவாது. ஆர்.ஓ. பெருமளவு பிரித்தெடுக்கும், ஆனால் பிரித்த குரோமியம் முழுவதும் கழிவுக் குழாயில் வெளியேறும். அந்தத் தண்ணீரைப் பலரும் வீணாக்க மனமில்லாமல் பாத்திரம் கழுவவும் கீரைப் பாத்திக்கும் எடுக்கிறார்கள். மற்ற ஊர்களில் செய்யட்டும், இங்கே வேண்டாம்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைப் பணியாளர்கள்,
ராணிப்பேட்டை.