அப்கிரேடுக்குப் பின் திறக்காத நிரல்கள்: லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தை உபுண்டு, டெபியன், மின்ட் என்று எந்தப் பெயரில் வெளியிட்டாலும் சரி, இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். கேட்பது ஒன்றே ஒன்று. அப்கிரேடு செய்தால் எந்தெந்த நிரல் ஓடாமல் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உபுண்டு 22.04-க்கு மாறிய ஒருவர் பழைய ஆப்இமேஜ் கோப்பை (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு நிரல்) டபுள் கிளிக் செய்கிறார். சாளரமும் வராது, பிழைச் செய்தியும் வராது. டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால்தான் அது ஓடத் தேவையான லிப்ஃப்யூஸ்2 என்ற நூலகம் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) இல்லை என்று தெரியும். அந்தத் தொகுப்பு உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. தானாக நிறுவப்படுவதில்லை, அவ்வளவுதான். அவசரத்தில் வெறும் 'ஃப்யூஸ்' தொகுப்பை நிறுவினாலோ அதன் புதிய பதிப்பான ஃப்யூஸ்3 நீக்கப்பட்டு, டெஸ்க்டாப்பின் சில பாகங்களும் கூடவே கழன்றுவிடும். 24.04-இல் பெயரே லிப்ஃப்யூஸ்2டி64 என்று மாறிவிட்டது. சாதாரணப் பயனருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பழையதைக் காலமெல்லாம் சுமக்கச் சொல்லவில்லை. சாளர நிரல்கள் எழுதப் பயன்பட்ட க்யூடி4 நூலகத்துக்கான ஆதரவு 2015-இலும், பைத்தான் 2 நிரல்மொழிக்கானது 2020 ஜனவரி 1-ஆம் தேதியும் முடிந்தன. பாதுகாப்புத் திருத்தம் வராத நூலகத்தை நீங்கள் எடுத்துவிடுவது நியாயம்தான். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பயனர் நிரல்களை உடைக்கவே கூடாது என்று கறாராக நிற்கிறார். அதற்கு மேலே, நூலகங்களின் அடுக்கில் அந்தக் கறார் இல்லை. பழைய விண்டோஸ் நிரல், லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைனில் ஓடுகிறது, அதே வயதுள்ள லினக்ஸ் நிரல் லினக்ஸில் திணறுகிறது என்பது சிரிக்க வேண்டிய விஷயமா, தெரியவில்லை.

2019 ஜூனில், பழைய 32-பிட் நிரல்கள் ஓடத் தேவையான தொகுப்புகளைக் கைவிடப்போவதாக உபுண்டு அறிவித்தது. விளையாட்டுத் தளமான ஸ்டீம், வைன் ஆகியவற்றின் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் முடிவு மாறி, தேவையானவை தொடர்ந்தன. பெரிய நிரல்களுக்குக் குரல் இருக்கிறது. யாரோ ஒருவர் எழுதி, இன்று பராமரிப்பாரற்றுக் கிடக்கும் குட்டி நிரலுக்காக யார் போய்ச் சண்டை போடுவது?

பெரும்பாலான நிரல் கோப்புகள் தமக்குத் தேவையான நூலகங்களின் பெயரைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அப்கிரேடுக்கு முன் ஒரு சோதனைக் கருவி மெனுவில் உள்ள நிரல்களை ஒருமுறை சுற்றிவந்து, நீக்கப்போகும் நூலகங்களோடு ஒப்பிட்டாலே பெரும்பாலானவை சிக்கிவிடும். பைத்தானில் எழுதியவை இதில் அகப்படாது. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். மாற்று வழியையும் அங்கேயே காட்டலாம்: தேவையான நூலகங்களோடு சேர்த்தே நிரலைத் தரும் பிளாட்பேக்கில் இருந்தால் அது, இல்லையென்றால் ஒரு லினக்ஸுக்குள் இன்னொரு லினக்ஸை ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸில் பழைய பதிப்பை வைத்து ஓட்டும் முறை.

இப்போது அப்கிரேடின் கடைசியில் நீங்கள் காட்டும் நீக்கல் பட்டியலில் லிப்க்யூடிகுய்4 போன்ற நூலகப் பெயர்கள்தான் வரிசையாக ஓடுகின்றன. அதைப் பார்த்து எவரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. முழுச் சோதனைக் கருவி எழுதக் காலம் பிடிக்கும் என்றால், முதலில் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவற்றை நம்பியிருக்கும் நிரல்களின் பெயரையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
டெஸ்க்டாப் லினக்ஸ் பயனர் ஒருவர்