33 முதல் 48 வரை, இரண்டு முறை

அன்புள்ள பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. மூன்று கடிதம், ஐந்து போன், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் உங்கள் கடை வாசலில் நின்றது என்று எல்லாம் ஆன பிறகு இது யாருக்கு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நீங்கள் போட்ட லத்தீன் அமெரிக்கச் சிறுகதைத் தொகுப்பில் பக்கம் 33 முதல் 48 வரை இரண்டு முறை வருகிறது. 49 முதல் 64 வரை இல்லை. அந்த ஒரு பாரத்தை, அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த அந்தப் பதினாறு பக்கத்தை, அனுப்பி வையுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

போன வாரம் உங்கள் அலுவலகத்தில் போனை எடுத்த தம்பி சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "மேஜிக்கல் ரியலிசம்தானே சார்? நடுவுல கொஞ்சம் பக்கம் இல்லன்னா என்ன பெரிய வித்தியாசம் தெரியப்போவுது?"

மேஜிக்கல் ரியலிசம் என்றால் நடக்காததை நடந்தது போலவே சொல்லும் எழுத்து. தம்பி மேல் கோபமில்லை. ஒப்புக்கொள்கிறேன், முதல் தடவை எனக்கும் தெரியவில்லை. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவர் கதை. மூன்று நாள் மழை, வீட்டுக்குள் ஏறிவந்த நண்டுகள், பிள்ளைக்குக் காய்ச்சல், முற்றத்துச் சேற்றில் குப்புற விழுந்து எழ முடியாமல் ஒரு கிழவர். அவரைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களிடம் ஆளுக்கு ஐந்து சென்டாவோ வாங்கலாம் என்று வீட்டுக்காரிக்குத் தோன்றுகிற இடத்தில் 48 முடிகிறது. புரட்டினால் வேறு கதை. நான்கு தாள் தள்ளி மறுபடி மழை, மறுபடி நண்டு, மறுபடி கிழவர். காலம் வட்டமாகச் சுற்றுகிறது, ஆசிரியரின் உத்தி போலிருக்கிறது என்று மெய்சிலிர்த்துப் போனேன் ஐயா. இரண்டாம் தடவை ஐந்து சென்டாவோ வந்து, அடுத்த பக்கம் 65 என்று பார்த்தபோதுதான் அது பைண்டிங் செய்தவரின் உத்தி என்று விளங்கியது.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். இந்தக் கதைகள் எனக்குப் பிடித்துப்போனதே அவற்றின் கணக்குச் சுத்தத்தால்தான். சிறகு முளைத்த மனிதர் என்றால் வேறு யாராவது ஒளிவட்டம் போட்டிருப்பார்கள். மார்க்வெஸோ சிறகில் பேன் பார்க்கிறார், கட்டணத்தைப் பைசா சுத்தமாகச் சொல்கிறார். எங்கள் ஆத்தா மன்னார்குடிப் பக்கம். ராத்திரி ஐயனார் குதிரை போன சத்தத்தையும் மறுநாள் நெல் மரக்கால் என்ன விலை என்பதையும் ஒரே குரலில் சொல்லும். தன் பாட்டியும் அப்படித்தான், நடக்காததை முகம் மாறாமல் சொல்வாள் என்று மார்க்வெஸே சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தது 1927இல், அரகட்டாகாவில். அடுத்த வருடம் டிசம்பரில், பக்கத்துச் சியேனகாவில், வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. அந்த மண்ணிலிருந்து வந்த கதையில் நடுவே பதினாறு பக்கம் இல்லாமல் போவதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முடிவு தெரியாமல் எட்டு மாதம் இருந்தேன். கடைசியில் மகள் போனில் ஆங்கிலத்தில் தேடிப் படித்து, "பறந்து போயிட்டாருப்பா, அவ்வளவுதான்" என்றாள். விடாமல் கேட்டதற்கு அப்புறம் சொன்னாள்: அந்த அம்மாள் அப்போது அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். கிழவர் கிளம்புகிற வேகத்தில் காய்கறிப் பாத்தியில் நகத்தால் கோடு கிழித்துவிட்டாராம். அந்த வெங்காயத்தைத்தான் ஐயா நீங்கள் என்னிடமிருந்து பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதைத் தமிழில் படிக்கத்தான் 280 ரூபாய் கொடுத்தேன். பத்து சதவீதக் கழிவு போக 252. பக்கத்திலும் கழிவு உண்டு என்று கடையில் யாரும் சொல்லவில்லை.

சொல்ல வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்த்தவர் பெயரை உள்பக்கத்தில் எறும்பு சைஸில் போட்டிருக்கிறீர்கள். ஸ்பானிஷிலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்று ஒரு வரி கிடையாது. அட்டையில் மார்க்வெஸ், உள்ளே மார்க்கேஸ், பின்னட்டையில் மார்க்குவெஸ். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் 1982இல் நோபல் கொடுத்தார்களோ என்னவோ. விடுங்கள், அதெல்லாம் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

"புத்தகத்தைத் திருப்பி அனுப்புங்க, ஸ்டாக் இருந்தா மாத்தித் தர்றோம்" என்கிறீர்கள். மாட்டேன். ஓரமெல்லாம் நான் எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றன. எனக்கு முழுப் புத்தகம் வேண்டாம். 49 முதல் 64 வரை, ஒரே ஒரு பாரம், தைக்காமல் மடித்து ஒரு கவரில் போட்டு அனுப்பினால் போதும். தபால் செலவை நான் தருகிறேன். சங்கத்தில் ரசீதுக் கட்டுகளைத் தைத்த கோணி ஊசி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, நானே தைத்துக்கொள்கிறேன். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
48ஆம் பக்கத்தில் நிற்கும் வாசகன்