கறுத்த கொண்டையெல்லாம் அம்மை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கால்நடைக் கேள்வி-பதில் பகுதியில், தம் வீட்டுக் கோழியின் கொண்டை கறுத்துப் பொருக்குத் தட்டியிருப்பதாக எழுதிக் கேட்ட வாசகர் ஒருவருக்கு, அது அம்மையாகத்தான் இருக்கும் என்று சென்ற மாதம் ஒரே வரியில் விடை தரப்பட்டிருந்தது. நம் ஊரில் பெரும்பாலும் அது சரியான விடைதான். ஆயினும், காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் நான், இந்த ஆண்டு தை மாதத்தில் கொண்டையைக் கறுக்கவைக்கும் இன்னொரு காரணத்தை என் வீட்டுக் கொல்லையிலேயே பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். அந்தக் காரணம் குளிர். சென்னையில் ஏது அத்தனை குளிர் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம். என் கொல்லைச் சுவருக்கு மறுபுறம், மீனும் இறாலும் அடுக்கிய குளிர்பதன அறை ஒன்று ஆண்டு முழுவதும் மைனஸ் 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னிடம் இருப்பவை மூன்று பெட்டைகள். அவற்றுள் வெள்ளை லெகார்ன் கலப்பு ஒன்று. அதன் கொண்டை பெரியது, ஒரு கண்ணை மறைத்தபடி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். வண்டியில் சரக்கு ஏற்றும்போது சிந்தும் இறாலைப் பொறுக்கப் போவது அதன் அன்றாட வழக்கம். அன்று மாலை ஆறரை மணிக்கு அறையின் கதவைச் சாத்தியபோது அது உள்ளே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு மீண்டும் கதவு திறந்தபோது, காலிச் சாக்குகளின்மேல் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருந்ததாம். இடது கால் மட்டும் சாக்கைவிட்டு விலகி இரும்புத் தட்டின்மேல் பட்டிருந்திருக்கிறது. "டீச்சரம்மா, உங்க கோழிதானே இது? கொஞ்ச நேரம் அடுப்பாண்ட வச்சா சரியாப் பூடும்" என்று சொல்லியபடியே சுமை தூக்கும் தம்பி ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். கொண்டை வெளிறி, தொட்டால் மெழுகுபோலக் கெட்டியாக இருந்தது. இடது காலில் இரண்டு விரல்கள் மரக்குச்சிபோல் விறைத்திருந்தன.

அடுப்பருகே வைக்காமல் இருந்ததற்குக் கனடாவில் இருக்கும் என் அக்கா மகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அங்கே கொல்லையில் கோழி வளர்ப்பவர்களுக்குப் பனிக்கடி, அதாவது கடுங்குளிரில் சதை உறைந்து கெட்டுப்போவது, ஆண்டுதோறும் பார்க்கும் சங்கதி. கோழிக்கூண்டை இறுக அடைத்துவிட்டால், எச்சத்தின் ஈரமும் மூச்சின் ஈரமும் கொண்டையில் படிந்து, வெறும் குளிரைவிட அதிகக் கேட்டைச் செய்யுமாம். "சித்தி, தேய்க்காதீங்க, சூடு காட்டாதீங்க" என்பதுதான் அவள் தொலைபேசியில் சொன்ன முதல் சொல். உறைந்த சதைக்குள் பனித்துகள்கள் நிற்கும்போது தேய்த்தால் அவை உள்ளிருந்தே சதையைக் கிழிக்கும். மரத்துப்போன தோலுக்குச் சூடு உறைக்காது என்பதால், அடுப்பருகில் வைத்த கோழி வெந்துபோனாலும் விலகிக்கொள்ளாது. ஆகவே, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையே வாளி நீரில் விட்டு 38 டிகிரி வரும்வரை விளாவி, அதில் காலை இருபது நிமிடங்கள் வைத்திருந்தேன். கோழியின் உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி என்பதால் இந்த நீர் அதற்குச் சூடானதல்ல. கொண்டையின்மேல் அதே நீரில் நனைத்த மெல்லிய துணியை அழுத்தாமல் போர்த்தி, ஆற ஆற மாற்றினேன். நிறம் திரும்பத் தொடங்கியபோதுதான் கோழி முதன்முறையாகக் கத்தியது. உணர்வு திரும்பும்போது வலியும் திரும்புகிறது.

விடிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. அவற்றுள் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அடுத்த வீட்டுப் பெரியவர் தம் முழங்கால் வலிக்குத் தடவும் ஜெல்லை மிகுந்த அன்போடு எடுத்துவந்தார். குழாயைத் திருப்பிப் பார்த்தால் டைக்ளோஃபினாக் என்று அச்சிட்டிருந்தது. நம் நாட்டில் பாறுக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகச் சிறுநீரகம் கெட்டுச் சாகவைத்த மருந்து அது. இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்த சிறிதளவே அவற்றைக் கொன்றது என்று கண்டறிந்த பிறகு, 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மனிதருக்கான மாத்திரையும் ஜெல்லும் மட்டும் இன்றும் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. கோழி வளர்ப்பவர்கள், பறவைக்கு வலி என்றவுடன் அந்த அலமாரியைத் திறக்கக்கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

மருத்துவமனைக்குப் போனதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சென்ற இடத்தில், நாயா பூனையா என்று கேட்டவர் கூடையைப் பார்த்துவிட்டு, குழம்பு வைத்துவிடச் சொன்னார். 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நகரில், கொல்லைக் கோழிக்கு மட்டும் குழம்புச் சட்டிதான் சிகிச்சையென்று வேறொரு வாசலில் கேட்க நேர்ந்தது வருத்தமாக இருந்தது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கோழியை எடைபோட்டு, அதற்கேற்ற அளவில் மெலாக்சிகம் என்ற வலிநிவாரணியை எழுதித் தந்தார். மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன் பிறகு தாம் சொல்லும்வரையிலும் முட்டையை யாரும் உண்ணக்கூடாது என்றார். கோழியோ ஆறு வாரம் முட்டையே இடவில்லை.

இரண்டாம் நாள் கொண்டை வீங்கி, நீர்க் கொப்புளம் கண்டது. ஒரு வாரத்தில் அதன் நுனிகள் கறுத்தன. அப்போதுதான் தெருவில் அம்மை என்றும், பறவைக் காய்ச்சல் என்றும் பேச்சு கிளம்பி, கோழியை அப்புறப்படுத்தும்படி என்னிடம் சொல்லவே வந்துவிட்டார்கள். அம்மை முதலில் மரு மருவாக எழும்பும்; கண்ணோரம், அலகோரம் என்று முகத்தில் பரவும்; கொசுக்கடியால் அடுத்த கோழிக்கும் தாவும். பனிக்கடி கொண்டையின் முனைகளிலிருந்து உள்நோக்கி இறங்கி ஒரு கோட்டில் நின்றுவிடும். மற்ற இரண்டு பெட்டைகளும் நலமாக இருந்ததும் என் பக்கத்துக்கு வலுச் சேர்த்தது.

கறுத்த பகுதியைக் கத்தரித்துவிடலாமே என்று கேட்காதவர் இல்லை. கத்தரிக்கக் கூடாது. உயிரிழந்த அந்தக் கறுப்புத் தோல், கீழே உயிரோடு இருக்கும் சதைக்கு மூடிபோலக் காவல் நிற்கிறது. எதுவரை செத்தது, எதுவரை பிழைத்தது என்பது பல வாரங்கள் கழித்தே தெளியும். காய்ந்து, வாடையில்லாமல், எல்லை தெளிவாக இருக்கும்வரை காத்திருக்கலாம். ஈரம் கசிந்து, நாற்றமெடுத்து, வீக்கம் மேலேறினால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் காலையும் மாலையும் கழுவினேன். பிறகு பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை ஒற்றியெடுத்தேன். ரத்தச் சிவப்பைக் கண்டால் கூட்டாளிக் கோழிகளே கொத்தித் தின்னும் என்பதால் தனிப் பஞ்சாரம், தினமும் மாற்றிய உலர்ந்த சாக்கு, வெல்லம் கலந்த நீர், வேகவைத்த நொய்.

குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லாத ஒன்று ஈ. அவர்கள் ஊரில் பனிக்கடி வரும் பருவத்தில் ஈ இராது. மீன் இறங்கும் எங்கள் பகுதியிலோ, திறந்த புண் ஒரு மதியம் கிடந்தால் போதும், மறுநாளே புழு வைத்துவிடும். பஞ்சாரத்தின்மேல் கொசுவலையைப் போட்டுக் கீழே செங்கல் வைத்து அடைத்தேன். புண்ணில் படாமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினேன். உண்மையில், மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கொசுவலைக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன்.

ஆறாம் வாரம் பஞ்சாரத்தைத் தூக்கியபோது கொண்டையின் மூன்று முனைகள் காய்ந்த புளியங்கொட்டைத் தோல்போலச் சாக்கில் உதிர்ந்து கிடந்தன. ஒரு துளி ரத்தம் இல்லை. எட்டாம் வாரம் ஒரு விரல் நுனி நகத்தோடு போயிற்று. இப்போது லேசாக நொண்டுகிறது. கம்பைப் பற்றி உட்கார முடியாததால் அகலமான பலகை ஒன்றை அடித்துக் கொடுத்திருக்கிறேன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் சூட்டை வெளியேற்றுவதில் கொண்டைக்கும், அலகின் கீழே தொங்கும் தாடிக்கும் பெரும்பங்கு உண்டு. அதனால்தான், கத்திரி வெயிலில் மற்ற இரண்டும் சாதாரணமாக மேய்ந்துகொண்டிருந்த வேளையிலேயே இது அலகைத் திறந்து இரைக்கத் தொடங்கியது. முருங்கை நிழலில் ஈரச் சாக்கும், அகலத் தட்டில் நீரும் வைத்துத்தான் அந்த நாட்களைக் கடத்தினேன்.

தங்கள் பகுதியில் விடையளிக்கும் மருத்துவர், கொண்டை கறுத்தது என்று அடுத்த முறை யாரேனும் எழுதினால், முதலில் மரு எழும்பியதா, அல்லது நுனி வெளிறியதா என்று ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கும்படி வேண்டுகிறேன். துறைமுகத்தை ஒட்டிய குளிர்பதன அறைகளை நடத்துவோர், பொழுது சாயும் நேரத்தில் கதவைச் சாத்துமுன் சாக்குகளின் பக்கம் ஒருமுறை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் உள்ளவர்கள் இப்போது பார்க்கிறார்கள். சென்ற வாரம் ஒரு பூனையை வெளியே எடுத்துவிட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
காசிமேடு, சென்னை.