எடையையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இமயமலையில் நடைப்பயணம் போக விரும்புகிறவர்களுக்காகச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் நீங்கள் வெளியிட்ட பொருட்பட்டியலைப் படித்தேன். சட்டை முதல் சாக்ஸ் வரை, டார்ச் முதல் தைலம் வரை எல்லாம் இருக்கிறது. விலையும் போட்டிருக்கிறீர்கள். ஒரு பொருளுக்குக்கூட எடை போடவில்லை. பட்டியலின் அடியில், பை கனத்துவிட்டால் கவலை வேண்டாம், கோவேறு கழுதையில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று ஒரு வரி. அந்த வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கோவை உக்கடம் பகுதியில் பை தைத்தும் பழுதுபார்த்தும் பிழைப்பவன். வெள்ளியங்கிரி ஏறாமல் விட்ட ஆண்டு இல்லை. கடைவீதி நண்பர்களோடு உத்தராகண்ட் மலைப்பாதைகளிலும் நடந்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் இமயமலைக்குப் போகிற பிள்ளைகள் ரக்சாக்கைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். ஜூனில் அவற்றில் பல பைகள் கிழிந்து திரும்பி வரும். எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று பார்த்தாலே அந்தப் பை எப்படிச் சுமக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தோள்வார் பையின் முதுகோடு சேருகிற மேல் தையல்தான் பிய்ந்திருக்கும். இடுப்புப் பட்டையோ கடையில் வாங்கியபடி மடிப்புக் கலையாமல், பக்கிளில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். நாள் முழுக்க அத்தனை கனத்தையும் இரண்டு தோள்களே தாங்கியிருக்கின்றன என்று அர்த்தம். இடுப்பெலும்பின் மேல் அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டினால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடும். பை பின்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன்பிறகு தோள்வாரின் வேலை. கனமான பொருள் முதுகை ஒட்டி, நடுமுதுகின் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். செலவே இல்லாத உதவி.

கனம் தாங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று சிலர் பையை நிரப்பியே கொண்டுவருவார்கள். என் கடையில் கொக்கித் தராசு ஒன்று தொங்குகிறது. மாட்டினால் பதினைந்து, பதினாறு என்று காட்டும். இந்தப் பதினைந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உள்நாட்டு விமானத்தில் கட்டணம் இல்லாமல் ஏற்ற விடுகிற அளவு பெரும்பாலும் 15 கிலோ. அவ்வளவு அனுமதி என்றால் அவ்வளவும் நிரப்பிவிடுகிறார்கள். ரயிலில் போகிறவர்கள் எடை பார்ப்பதே இல்லை. ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை கட்டணம் கிடையாது. அதெல்லாம் விமானமும் ரயிலும் சுமப்பதற்கான கணக்கு. மலையில் அதைச் சுமக்கப்போவது 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் முதுகு. பல நாள் நடக்கும்போது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது நடப்பவர்களிடையே பழகிய கணக்கு. அந்தப் பெண்ணுக்கு அது 11 கிலோ, அதுவும் மேல்வரம்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறது. கூடாரம், உணவு, படுக்கும் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் ஏற்பாட்டாளர்களே தருகிற பயணத்தில் நம் பை தண்ணீரோடு சேர்ந்தும் எட்டு கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை.

குறைப்பதைப் பையிலிருந்தே தொடங்க வேண்டும். உங்கள் பட்டியல் 70 லிட்டர் பை வாங்கச் சொல்கிறது. அந்த அளவுள்ள பைகளில் பல, வெறுமையாகவே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கின்றன. இடம் இருந்தால் எதையாவது திணிக்கத்தான் மனம் போகும். ஏற்பாட்டாளரோடு போகிறவருக்கு 40 லிட்டர் தாராளம். துணியிலும் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கையில் எடுத்தால் கனமாக இருக்கிற துணிதான் உழைக்கும் என்று நினைத்து ஆயிரம் டீனியர் வேண்டும் என்று கேட்கிறார்கள். டீனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராம் கணக்கில். ஆயிரம் என்றால் அந்த நீளத்து நூல் ஒரு கிலோ. 210 டீனியர் ரிப்ஸ்டாப் நைலானில் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும்; ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். ஒரு நடைப்பயணிக்கு அது போதும். ஆயிரம் டீனியர் துணியை நான் தைத்துக் கொடுப்பது மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுப் பைகளுக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நிரம்பிய பையை ஒற்றைத் தோள்வாரைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகுப்பக்கத்து மேல் விளிம்பில் அதற்கென்றே ஒரு சிறு கைப்பிடி தைத்திருக்கிறது.

அடுத்து ஜீன்ஸ். பட்டியலில் இரண்டு என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு ஜீன்ஸ் காய்ந்திருக்கும்போதே முக்கால் கிலோவை நெருங்கும். நனைந்தால் கனம் கூடுவதோடு, குளிரில் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய பாலியஸ்டர் கால்சட்டை அதில் பாதிகூட இராது; உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். டர்க்கி டவல் அரைக்கிலோ. நம் ஈரிழைத் துண்டு ஒன்று அதில் கால்பங்குதான். துவட்டவும், கழுத்தில் சுற்றவும், சூடான பாத்திரத்தைப் பிடிக்கவும் ஆகும். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற ஒன்றை விட்டுவிட்டு வெளிநாட்டு மைக்ரோஃபைபர் துண்டு வாங்கச் சொல்லத் தேவையில்லை. இருபதாயிரம் எம்ஏஹெச் பவர்பேங்க் நானூறு கிராமை ஒட்டி வரும். பத்தாயிரம் அதில் பாதி. இரவில் கைப்பேசியையும் பவர்பேங்கையும் படுக்கைக்குள் வைத்துக்கொண்டால் குளிரில் சார்ஜ் இறங்குவது குறையும், சிறியதே போதும்.

தண்ணீரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. லிட்டர் ஒன்றுக்கு ஒரு கிலோ. இதில் குறைக்க வழியே இல்லை. எத்தனை லிட்டரை எத்தனை தூரம் சுமக்கிறோம் என்பதில்தான் குறைக்கலாம். உத்தராகண்ட், இமாசலப் பாதைகளில் ஓடை அடிக்கடி குறுக்கிடும். அடுத்த ஓடை எங்கே என்று காலையிலேயே வழிகாட்டியிடம் கேட்டு, அதுவரைக்கும் ஆகிற தண்ணீரைச் சுத்திகரிப்பு மாத்திரை போட்டு எடுத்துக்கொண்டால், முதுகில் எப்போதும் மூன்று லிட்டர் வேண்டாம்.

உணவைத் தாங்களே சமைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு சொல். 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக வெகுநேரம் பிடிக்கும், எரிவாயு தீரும், கூடுதல் சிலிண்டரையும் சுமக்க வேண்டும். அவல் வெந்நீரில் ஊறினாலே போதும். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 560 கலோரி இருக்கிறது. அதே எடை ஆப்பிளில் ஐம்பதை ஒட்டித்தான். கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய் எடுத்துப் போகிறவர்கள் பருப்புப்பொடிக்கு மாறலாம்.

காலணியையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறேன். காலில் கட்டிய எடை முதுகில் ஏற்றிய அதே எடையைப்போலப் பல மடங்கு உழைப்பை வாங்கும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பனி மூடாத பாதைக்கு ஒன்றரைக் கிலோ பூட்ஸ் எதற்கு?

எடை குறைந்த பை என்றால் விலை உயர்ந்த பை என்று பலர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி 1955இல், 67 வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை போகும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கூடாரம் இல்லை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, குளிருக்கு ஒரு ராணுவக் கம்பளி, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. பையை டெனிம் துணியில் தானே தைத்து ஒரு தோளில் போட்டுக்கொண்டார். டெனிம் தண்ணீர் குடிக்கும் துணி, பைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் ஒவ்வொன்றாகத் தீர்மானித்திருக்கிறார். நம் ஊர்ப் பெண்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. வெள்ளியங்கிரிக்கு ஒரு துணிப்பையும் மூங்கில் தடியுமாக ஏழு மலை ஏறுகிற அதே இளைஞர்கள்தான் வடக்கே போகும்போது மட்டும் இப்படி மூட்டை கட்டுகிறார்கள். இமயத்துக் குளிர் வேறு, நாட்கள் கூட என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இரட்டிப்பு உடுப்பு தேவையில்லை.

இனி அந்தக் கடைசி வரி. முதுகிலிருந்து இறக்கி விலங்கின் மேல் ஏற்றினால் சுமை எப்படிக் குறைந்ததாகும்? சுமை சுமக்கும் விலங்குகளுக்காக 1965இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளில், மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று உச்சவரம்பு இருக்கிறது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் ஏறும் பாதையில் நடந்தபோது அவற்றின் முதுகைப் பார்த்தேன். சேணத்தின் வார் உரசுகிற இடத்தில் மயிர் உதிர்ந்து தோல் வெந்திருந்தது. வார் உரசினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மலைகளின் உச்சிப் புல்வெளிகளும் குளம்படியில் நசுங்குகின்றன. மனிதக் கூட்டத்தின் கேடு தாளாமல் 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கே தடை விதித்தது.

கழுதை இல்லாத இடத்தில் மனிதர் சுமக்கிறார். நேபாளத்தில் நாம்சே சந்தைக்குச் சுமை தூக்குகிறவர்களை அளந்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடு சுமந்துகொண்டிருந்தார்கள். நெற்றியில் ஒரு பட்டை, முதுகில் ஒரு கூடை, அவ்வளவுதான் கருவி. அவர்களால் முடிகிறது என்பதால் நம் இரண்டாவது ஜீன்ஸை அவர்கள் நெற்றியில் தொங்கவிட நமக்கு உரிமை வந்துவிடாது. வயதானவர், முழங்கால் வலி உள்ளவர் உதவி பெறுவதை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் நிறுத்துப் பார்த்து ஏற்றட்டும், கூலியைக் குறைக்காமல் கொடுக்கட்டும்.

குறைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் என் பேச்சைத் தவறாக எடுத்துக்கொண்டு குளிரில் தவிக்கக் கூடாது. மழைச்சட்டை, நனையாமல் பாலித்தீன் பையில் கட்டிய ஒரு மாற்று உடுப்பு, கம்பளிச் சட்டையோ ஃபிளீஸ் சட்டையோ ஒன்று, தலையில் மாட்டும் டார்ச், மருந்து, ஒருவேளைக்குக் கூடுதல் உணவு. நனைந்த உடம்பில் குளிர்காற்று பட்டால் கோடையிலும் உயிருக்கு ஆபத்து. இவையெல்லாம் சேர்ந்தும் இரண்டு, இரண்டரைக் கிலோதான் வரும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இது. அந்தப் பட்டியலை எடை என்று ஒரு பத்தி சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். அடியில் மொத்தத்தையும் கூட்டிப் போடுங்கள். கழுதை வரியை எடுத்துவிடுங்கள். வாசகர்கள் வீட்டிலேயே நிறுத்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சமையலறைத் தராசில் சிறு பொருட்களை நிறுக்கலாம். முழுப் பையை மாட்டிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, பிறகு பை இல்லாமல் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். எடைகளைத் திரட்டுவதில் உதவி தேவைப்பட்டால் என் தராசும் நானும் தயார். மே மாதப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் இந்த வாரமே பை வாங்கத் தொடங்கிவிடுவார்கள். வருகிற ஞாயிறு இதழிலேயே வந்தால் அவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
பை தைக்கும் தொழிலாளி,
உக்கடம், கோவை.