அண்ணா, பில்லை நான் கட்டிக்கொள்கிறேன்

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் பதினாறாம் நாளுக்குப் பிறகு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீலக் குறியோடு நிற்கிறது. பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், யார் பெயரையும் போடாமல். அண்ணி படிப்பார், உங்களிடம் காட்டுவார்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில், மின்விசிறி மட்டும் உள்ள சி வார்டில் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்று தேக்காவில் சித்தப்பாவிடம் சொன்னீர்களாம். ஆபீசிலிருந்து நேராக வந்தீர்கள். விரலில் கோப்பி ஓ பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறியைப் பார்த்தீர்கள். "அம்மா இந்த வேக்காட்டிலயா கிடக்கணும்? ஏ கிளாசுக்கு மாத்துங்க, பில்லை நான் பாத்துக்குறேன்." தம்பி தயங்கினான். "நீ கையெழுத்துப் போடுடா, நான் இருக்கேன்ல" என்று அவன் தோளைத் தட்டினீர்கள். போட்டான். கட்டணப் பொறுப்புத் தாளில் இருப்பது அவன் பெயர்தான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று, அம்மாவுக்கு அந்த மாற்றமே பிடிக்கவில்லை. சி வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பாட்டி. அம்மாவுக்குத் தெரிந்தது நாலு மலாய்ச் சொல், அந்தப் பாட்டிக்கும் அதே நாலுதான். "சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று ஒருத்தர் கேட்பார், "சாக்கிட்" என்று மற்றவர் தலையாட்டுவார். பாட்டியின் மகள் உரித்துத் தரும் ஆரஞ்சில் பாதி அம்மா கட்டிலுக்கு வரும். ஏ வார்டில் தனி அறை, டிவி, ஏசி. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயிருச்சா?" என்று மூன்று நாளும் கேட்டார். நான் அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சி வார்டில் சிங்கப்பூரர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 50 முதல் 80 விழுக்காடு மானியம் உண்டு. ஏ வார்டுக்கு ஒரு காசு கிடையாது. அரசாங்கத்தின் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதியும் மானியமுள்ள பி2, சி வார்டுக் கட்டணத்தை மனத்தில் வைத்து அமைத்ததுதான். ஏ வார்டு பில்லில் அது கொஞ்சத்தைத்தான் தாங்கும். எல்லாம் போக மிச்சம் 23,400 சிங்கப்பூர் வெள்ளி. தம்பியின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் இருந்து ஒரு பகுதி போய்விட்டது. மார்ச்சில் அவன் மனைவிக்குப் பிரசவம், அதற்கென்று வைத்திருந்த பணம் அது.

நீங்கள் வார்த்தை மாறியது ஏன் என்றும் தெரியும். அம்மாவின் மத்திய சேமநிதி (மசே நிதி) நாமினேஷனில், அதாவது தனக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்று எழுதும் படிவத்தில், என் பெயர் மட்டும் இருந்தது. "யாருக்குப் பணமோ அவளே கட்டட்டும்" என்றீர்கள். கோபம் வரத்தான் செய்யும். அம்மா அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். சாட்சி இரண்டு பேரில் ஒருவர் எதிர்வீட்டு மலாய் அம்மா, நம் மாக்சிக். ஏழு வருடம் உங்களிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு. அம்மாவைக் கையைப் பிடித்து எழுத வைத்தேன் என்பது மட்டும் பொய். மாக்சிக்கிடமே கேளுங்கள்.

மசே நிதிப் பணம் உயிலுக்குள்ளும் வராது, சொத்துப் பங்கீட்டுக்குள்ளும் வராது. நாமினேஷன் இருந்தால் அதன்படிதான். ஈசூன் வீடு அப்படியில்லை. அப்பாவும் அம்மாவும் கூட்டாக வைத்திருந்ததால் அப்பா போனதும் முழுதாக அம்மாவுக்கு வந்தது. அம்மா உயில் எழுதவில்லை, ஆகவே உயில் இல்லாத சொத்துக்கான 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி நம் மூன்று பேருக்கும் சமபங்கு. வீடு வாங்கும்போது முன்பணத்துக்கு உங்கள் முதல் வருடச் சம்பளம் போனது எனக்கு மறக்கவில்லை. தம்பி பாலிடெக்னிக் படித்ததும் உங்கள் காசில்தான். ஆனால் அதைச் சொல்லி, வீட்டைப் பங்கு பிரிக்க வேண்டிய கையெழுத்தை நிறுத்தி வைத்தால் வீடு பூட்டியே கிடக்கும், பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதாமாதம் ஏறும்.

வக்கீலைப் பார்த்தேன். உங்கள் மேல் வழக்குப் போட இல்லை, தம்பிக்கு வழி கேட்க. பதிலுக்கு எதுவும் வாங்காமல் வாயால் கொடுத்த வாக்கைக் கோர்ட்டில் நிலைநாட்டுவது கஷ்டம் என்றார். அம்மாவின் கடனையும் ஈமச்சடங்குச் செலவையும் சொத்திலிருந்து கழித்த பிறகே பங்கு பிரியும் என்றும் சொன்னார். அப்படிப் பார்த்தால் அந்தப் பில்லில் மூன்றில் ஒரு பங்கு எப்படியும் உங்கள் தலையில்தான் விழும். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அதுவும் வேண்டாம். மசே நிதிப் பணம் வந்ததும் பில்லை நானே கட்டிக்கொள்கிறேன், தம்பியின் மெடிசேவில் போனதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் உங்கள் பங்கு உங்களுக்கு.

தம்பி இன்னும் என்னிடம், "அண்ணன் நிஜமாவே சொல்லலையாக்கா? நான்தான் தப்பா கேட்டேனா?" என்கிறான். முப்பத்தாறு வயசு, தன் காதைத் தானே சந்தேகப்படுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இல்லை. போன் போட்டு, "சொன்னேன்டா, இப்ப முடியல" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை